ஏட்டுச் சுரைக்காயும் கறிக்குதவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. அநுபவத்தோடு கூடாத படிப்பு வாழ்க்கைக்குப் பயன்படாது என்பதே அதன் பொருள். படித்தாரை இடித்துரைக்க எழுந்த இப்பழமொழி தன் உவமையை அடுக்களையிலிருந்து எடுத்துக்கொண்டமை கருதத்தக்கது. ஏட்டில் அடங்காத அறிவுக்கு எடுத்துக்காட்டு வேண்டியபோது தமிழர் மனத்திலே சமையலே முதலில் வந்தது போலும். சமையலை நூலாற் கற்பித்தல் இயலாது என்னும் துணிபு அப்பழமொழியின் உள்ளே உறைகின்றது.

இத்துணிபு எத்துணை உண்மையானது? சமையலறியாத ஒருவர், கற்பிப்பார் எவரும் அருகில் இல்லாத நிலையில், நூலொன்றின் துணைகொண்டே அடுப்படியில் நம்பிக்கையோடு நிற்றல் கூடுமா? கூடும் என்று செயலாற் காட்டிய தமிழ் நூல் ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டிலே சென்னையில் முதற்பாகம் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்பதே அது. அந்நூல் கற்பிக்கும் முறையை ஆராய்ந்து, அதன் நிறைகுறைகளை நோக்கி, யாழ்ப்பாணத்துத் தீவகத்திற்கு அதனாற் பெறப்படும் பாடம் யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதியவர் நிலை

தமிழிலே சமையல் நூல் பற்றிய செய்தி மிகப் பழையது. வீமசேனனுக்கு உரியதாகக் கருதப்பட்ட மடைநூலைச் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகின்றது. அந்நூல் நெறி வழுவாது ஆக்கிய பல்வகை உணவைப் பொற்கலத்திலிட்டுப் பாணர்க்கு நல்லியக்கோடன் ஊட்டுவான் என்பது அப்பாட்டாற் பெறப்படும் செய்தி. எனினும், அத்தகைய நூல் அரசர் மடைப்பள்ளியிலே தொழில் செய்த வல்லுநர்க்கு உரியது. வல்லார்க்கு எழுதும் நூல் வேறு. அறியார்க்கு எழுதும் நூல் வேறு. முன்னையது நினைவூட்டினாற் போதும். பின்னையது கைப்பிடித்து நடத்தல் வேண்டும்.

அறியாதார் அடுப்படியில் நிற்கும் நிலையைப் பழம்புலவர் நன்கு உணர்ந்திருந்தனர். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. தலைவியின் புதுமனையைக் கண்டு மீண்ட செவிலி நற்றாய்க்கு உரைப்பதாக அமைந்தது. தயிர் பிசைந்த விரல்களை ஆடையிலே துடைத்துக்கொண்டு, தாளிதப் புகை கண்ணை மறைக்க, தலைவி தன் கையாலே துழாவிச் சமைக்கின்றாள். அப்புளிக்குழம்பைத் தலைவன் சுவையுடையதென்று உண்கின்றான். அவள் முகம் பிறர் எளிதிற் காணாவாறு மெல்ல மலர்கின்றது. இல்லறத்தின் இனிமைக்கு இப்பாட்டை எடுத்துக்காட்டுதல் வழக்கம். சமையல் கற்பாரின் உள்ளத்தைக் காட்டும் பாட்டாகவும் இதனைக் கொள்ளலாம். அம்மலர்ச்சியிலே கணவன் பாராட்டினால் எழுந்த மகிழ்ச்சியோடு, தன் கையாலும் இஃது இயன்றது என்னும் நம்பிக்கையும் கலந்திருக்கின்றது.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலும் இத்தகைய காட்சி ஒன்று உண்டு. பெருங்குடி வணிகர் மகளாகிய கண்ணகி, மதுரைப் புறஞ்சேரியிலே இடைக்குலத்தார் மனையில் இருந்து, மாதரி அளித்த காய்களை வளைந்த அரிவாளால் அரிகின்றாள். விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கின்றது. மாதரியின் மகள் ஐயை அடுப்பை மூட்டி உடன் நிற்கின்றாள்.

இவ்விரு காட்சிகளிலும் புதியவளுக்கு ஒரு துணை உண்டு. கண்ணகிக்கு ஐயை அருகில் நிற்கின்றாள். குறுந்தொகைத் தலைவிக்கோ, வளர்த்து அறிவூட்டிய செவிலி இப்போது எட்ட நின்று கண்டு மகிழ்கின்றாள். புதியவர்க்கென எழுதப்படும் சமையல் நூல் இச்செவிலியின் இடத்திலேயே நிற்பது. அருகிருந்து பழக்குதலும், பழகியபின் எட்ட நிற்றலும் ஆகிய இரண்டையும் அது செய்தல் வேண்டும். 'சமைத்துப் பார்' என்னும் நூலை மதிப்பிடுதற்கு இதுவே தக்க அளவுகோல்.

ஆசிரியரும் நூலும்

மீனாட்சி அம்மாள் 1905இற் பிறந்து 1962இல் மறைந்தவர். இளமையிலேயே கணவரை இழந்து, சிறு மகனோடு குடும்பப் பொறுப்பையும் தாங்கியவர். சமையலிலே அவர் பெற்றிருந்த தேர்ச்சியை அறிந்த உறவினர், தூரத்து ஊர்களிலிருந்து செய்முறை கேட்டு எழுதுவர். அவரும் விடை எழுதுவார். கேட்டார்க்கெல்லாம் தனித்தனி எழுதுவதினும் நூலாக்குதல் நன்று என்று ஊக்கியவர், அவர் உறவினரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர். இவ்வாறு தோன்றிய நூல் மூன்று பாகங்களாக விரிந்தது. ஆங்கிலம் முதலிய பிறமொழிகளிலும் வெளிவந்தது. மணம் முடித்து வேற்றூர் செல்லும் பெண்ணின் பெட்டியிலே பட்டுச் சேலையோடு இந்நூலையும் வைத்தனுப்புதல் தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாயிற்று. மூன்று பாகங்களிலிருந்தும் தெரிந்தெடுத்த செய்முறைகள், எளிதிற் கையாளத்தக்க வடிவிலே 2001இல் ஆங்கிலத்தில் மீண்டும் வெளியிடப்பட்டன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமையல் நூல் நிலைத்து நிற்றல் சிறிய செய்தியன்று.

நூலின் தோற்றத்தை ஈண்டுக் கூறியதற்குக் காரணம் உண்டு. கடிதத்திலே பிறந்த நூல் இது. கடிதம் எழுதுவோர்க்கு, படிப்பவர் யார், அவர் எதனை அறியார், எவ்விடத்தில் தடுமாறுவார் என்பன தெரியும். அறையினுள் இருந்து உலகத்தார் அனைவர்க்குமாக எழுதுபவர்க்கு இவை தெரியா. கேட்ட கேள்விக்கு விடையாக எழுந்தமையாலேயே இந்நூல் பயில்வார்க்கு அண்மையில் நிற்கின்றது.

கற்பிக்கும் முறை

முதற்கண் நூலின் பெயரை நோக்குதல் தகும். 'பார்' என்பது இங்கே காணுதலைக் குறிக்கும் முதல்வினையாக நில்லாது, துணைவினையாய் நின்று முயற்சிப் பொருளைத் தருகின்றது. எழுதிப் பார், பாடிப் பார், நீந்திப் பார் என்னுமிடங்களில் வருவதும் இதுவே. 'சமை' என்பது கட்டளை. 'சமைத்துப் பார்' என்பதோ அழைப்பு. செய்தது சரிவராவிடினும் குற்றமில்லை, மீண்டும் முயலலாம் என்னும் உடன்பாடு அத்துணைவினையிலே அடங்கியுள்ளது. சமையற்கலை, பாகசாத்திரம் என்னும் பெயர்கள் பொருளைச் சுட்டுவன. இப்பெயரோ படிப்பாரை விளித்துப் பேசுவது. அச்சத்தோடு நூலை எடுப்பவர்க்கு முதல் ஆறுதல் அட்டையிலேயே கிடைத்துவிடுகின்றது.

இரண்டாவது சிறப்பு அளவு கூறுதல். வீட்டிலே வாய்மொழியாகக் கற்பிப்போர் பெரிதும் வழங்கும் சொற்கள் 'அளவாக', 'கொஞ்சம்', 'பதமாக' என்பன. அறிந்தார்க்கு இவை பொருள் நிறைந்த சொற்கள். அறியாதார்க்கு வெறுஞ் சொற்கள். எவ்வளவு உப்பு என்று கேட்பவனுக்கு அளவான உப்பு என்று விடையிறுத்தால், அவன் கேள்வியே விடையாகத் திரும்பி வருகின்றது. மீனாட்சி அம்மாள் படி, ஆழாக்கு, பலம் என்னும் அக்கால அளவைகளைக் கொண்டு, இன்ன பொருள் இவ்வளவு என்று திட்டமாக எழுதினார். மேனாட்டிலும் இம்முறை படிப்படியாகவே வளர்ந்தது. கவிதை நூல் வெளியிட்டிருந்த எலைசா அக்டன் என்னும் ஆங்கில அம்மையார், 1845இல் வெளியிட்ட தம் சமையல் நூலிலே, பொருள்களையும் அவற்றின் அளவுகளையும் செய்முறையினின்று பிரித்துத் தனியே நிரைப்படுத்தினார். அமெரிக்காவிலே பொஸ்டன் நகரச் சமையற் பள்ளியைச் சார்ந்த ஃபனி ஃபார்மர், 1896இல் வெளியிட்ட நூலிலே, கிண்ணத்தையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கும் முறையை வற்புறுத்தினார். அவர்கள் தத்தம் நாட்டார்க்குச் செய்ததைத் தமிழ் இல்லங்களுக்குப் பேரளவிற் செய்தவர் மீனாட்சி அம்மாள் எனலாம்.

அளவு கூறினாற் கைப்பக்குவம் கெடும் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் பொருந்தாது. அளவின்படி செய்தவர்க்கு முதல்நாளே உண்ணத்தக்க ஒரு குழம்பு கிடைக்கின்றது. மறுநாள், புளி சற்று மிகுதி என்று கண்டு, அவரே குறைக்கின்றார். எதனினின்று குறைத்தோம் என்பது அவர்க்குத் தெரியும். அளவறியாது செய்தவர், நன்றாக அமைந்ததை மீண்டும் செய்யவும் அறியார். பிழைத்ததைத் திருத்தவும் அறியார். யாப்பு அறிந்த பின்னரே புலவன் யாப்பை நெகிழ்த்தல் இயலும் என்பது மாணாக்கர் அறிந்த செய்தி.

மூன்றாவது சிறப்பு முறைவைப்பு. தேவையான பொருள்கள் முன்னரும், செய்யும் தொழில்கள் பின்னரும் நிற்றல் எளிய ஒழுங்கு போலத் தோன்றும். கடுகு வெடித்துக் கொண்டிருக்கையிற் கறிவேப்பிலையைத் தேடி ஓடியவர் அதன் அருமையை அறிவர். அடுப்பை மூட்டுமுன் யாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை, அறிவுரை கூறாமலே, நூலின் அமைப்பு உண்டாக்கிவிடுகின்றது. தமிழ் மொழியின் இயல்பும் இதற்குத் துணை செய்கின்றது. கழுவி, அரிந்து, வேகவைத்து, வடித்து என வினையெச்சங்கள் தொழில் நிகழும் ஒழுங்கிலேயே அடுக்கி வருவன. முற்று இறுதியில் வந்து முடிக்கும். சமையல் உரைநடைக்கு இதனினும் இசைந்த வாக்கியம் வேறு மொழியிற் காண்டல் அரிது.

நான்காவதும் ஆசிரியர்கள் பெரிதும் போற்றத்தக்கதுமாகிய சிறப்பு, எளிமையிலிருந்து தொடங்குதல். நாள்தோறும் இலையில் விழும் சாம்பார், ரசம், கறி, கூட்டு, பச்சடி என்பவற்றுக்கே முதற்பாகம் பெரிதும் இடம் தருகின்றது. புகழ் விரும்பும் எழுத்தாளர் பிறர் அறியாத பண்டங்களைத் தேடிக் கூறுவர். பிறர் அறிந்ததாக நினைத்து எவரும் கூறாது விட்டதைக் கூறுவது ஆசிரியர் கடன். ரசம் ஒன்றைக் கற்றபின், பருப்பு ரசம், மிளகு ரசம், எலுமிச்சம்பழ ரசம் என்று அதன் இனங்கள் தொடர்கின்றன. அடிப்படை ஒன்றாக நிற்க, ஓரிரு பொருள்களும் அவற்றைச் சேர்க்கும் காலமுமே வேறுபடுகின்றன. இது வாய்பாடு காட்டி உதாரணங்களால் விளக்கும் இலக்கண ஆசிரியர் முறையை ஒத்தது. மூன்றாவது ரசத்தைச் செய்து முடித்தவர், நூலில் இல்லாத நான்காவதைத் தாமே செய்யத் துணிவார். நம்பிக்கை பிறக்கும் இடம் அதுவே.

நூலின் எல்லைகள்

சிறந்த நூலுக்கும் எல்லை உண்டு. இந்நூலின் முதல் எல்லை அதன் அடுக்களை. தமிழகத்துப் பிராமண இல்லத்து மரக்கறிச் சமையலே இதிற் கூறப்படுகின்றது. தம் வீட்டுச் சமையலைத் தாம் அறிந்தவாறு எழுதியமை குற்றமாகாது. அஃது அவர் நேர்மையைக் காட்டுவது. பின்வந்தோர் இதனையே தமிழர் சமையல் முழுவதும் என்று கருதினால், பிழை அவர்களுடையது. கடற்கரைத் தமிழர்க்கு மீன் உண்டு. கொங்கு நாட்டார்க்கும் செட்டிநாட்டார்க்கும் தத்தம் மசாலை உண்டு. ஈழத்தமிழர்க்குத் தேங்காய்ப்பாலும் பனையும் உண்டு.

இரண்டாவது எல்லை அது முன்னிறுத்தும் மாணாக்கர். அக்காலச் சூழலுக்கேற்ப, மணமான இளம்பெண்ணே படிப்பவளாகக் கருதப்பட்டாள். இற்றைநாளிலே புதியவர் எனப்படுவோர் பலதிறத்தினர். பல்கலைக்கழகத்திற் பயில வாடகை அறையில் வாழும் இளைஞன், பிறநாட்டிலே தொழில் செய்யும் ஆடவன், முதுமையில் மனைவியை இழந்து தனித்திருக்கும் தந்தை ஆகியோரும் புதியவரே. தீவகத்து ஆடவர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் சாப்பாட்டுக்கடை நடத்தி வாழ்ந்தமை யாவரும் அறிந்தது. ஆகவே, அடுப்பு ஆணுக்கு அந்நியமானது என்று இப்பகுதியார் சொல்லுதற்கில்லை.

மூன்றாவது எல்லை எல்லாச் சமையல் நூல்களுக்கும் பொதுவானது. நூல் ஓரிடத்தில் எழுதப்படுகின்றது. சமையல் வேறிடத்தில் நிகழ்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணக் கல்லினூடாக ஊறுவது. கடினத் தன்மை உடையது. தீவகத்துக் கிணறுகள் பலவற்றில் உவரும் கலந்துள்ளது. கடினநீரிற் பருப்பும் கடலையும் மென்மையாக நெடுநேரம் செல்லும் என்பது அறிவியல் கூறும் உண்மை. இதனை அறியாத புதியவர், நூல் கூறிய நேரம் கடந்தும் பருப்பு வேகாமை கண்டு, தம் கையையே நோவார். நெருப்பும் அவ்வாறே. 2022இல் இலங்கையிலே சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பட்டினத்து வீடுகள் பல விறகடுப்புக்குத் திரும்பின. பனைமட்டையும் பொச்சுமட்டையும் எரியும் அடுப்பிலே பத்து நிமிடம் என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் இல்லை. எனவே, அளவோடும் நேரத்தோடும் நில்லாது, கண்ணாலும் மூக்காலும் செவியாலும் அறியத்தக்க அடையாளங்களையும் அவற்றுக்குரிய காரணங்களையும் நூல் கூறுதல் வேண்டும். அளவு கையைப் பிடித்து நடத்தும். காரணம் அறிந்தவரோ பிடியின்றி நடப்பார். காரணம் கூறுதலிற் 'சமைத்துப் பார்' இன்னும் விரிவாகச் சென்றிருக்கலாம் என்பதே இக்காலத்துப் புதியவர் நோக்கில் அதன்மேற் கூறத்தக்க குறை.

தீவகத்திற்கு உரிய பாடம்

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே இவ்வாராய்ச்சிக்குத் தனிப்பயன் உண்டு. கண் பார்த்ததைக் கை செய்யும் என்பது மற்றொரு பழமொழி. தாயின் அருகே நின்று தேங்காய் துருவிக் கொடுத்தும், பாட்டியின் சுளகிலே மாவைக் கொத்திப் பழகியும், பல தலைமுறைகள் ஏடின்றியே சமையல் கற்றன. அவ்வாறு கற்பதற்குக் கண் பார்க்கும் இடம் ஒன்று வேண்டும். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போர் காரணமாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் வன்னிக்கும் கொழும்புக்கும், வேறு பலர் கடல்கடந்து ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் முதலிய நகரங்களுக்கும் சென்றனர். பாட்டி ஓரிடத்திலும் பேர்த்தி வேறிடத்திலும் வாழும் நிலை உண்டாயிற்று. போர் 2009இல் முடிந்தபின் மீண்டோர் உளர். மீளாதோர் மிகப் பலர். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்த இடத்திலே ஏடு வந்து நிற்க வேண்டியது இன்றியமையாததாகின்றது.

அளவு கூறும் சமையல் நூல் இலங்கைக்குப் புதியதன்று. ஹில்டா டியுட்ரம் அம்மையாரின் சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் 1929இலேயே வெளிவந்தது. எனினும், அஃது ஆங்கிலம் படித்த இல்லங்களை நோக்கியது. நேசா எலியேசர் பதிப்பித்த யாழ்ப்பாணத் தமிழர் சமையற் குறிப்பு நூல் 2003இல் வெளிவந்தது. ஒடியற் கூழையும் குரக்கன் பிட்டையும் தலைப்பிலேயே தாங்கி நிற்பது. தமிழ் மறந்த தலைமுறைக்கு அதன் உதவி பெரிது; ஆயினும் அதுவும் ஆங்கிலத்திலேயே உளது. தீவகத்து உணவை, புதியவர்க்கு ஏற்ற முறையில், தமிழிலே படிப்படியாக விளக்கும் பணிக்கு இன்னும் நிறைய இடம் உண்டு. அப்பணியை மேற்கொள்வோர் மீனாட்சி அம்மாளின் செய்முறைகளைப் பெயர்த்தெழுத வேண்டுவதில்லை. அவர் கற்பித்த முறையையே எடுத்துக்கொண்டு, காரணத்தையும் சேர்த்துரைத்தல் போதும். மூன்று உணவுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதலாவது பிட்டு. நெடுந்தீவிலிருந்து நயினாதீவு வரை பிட்டு அவியாத வீடு இல்லை. புதியவர் தடுமாறும் இடம் நீரின் அளவு. வறுத்த மாவின் உலர்ச்சி நாளுக்கு நாள் வேறுபடுதலால், ஒரே அளவை எப்போதும் திட்டமாகச் சொல்லுதல் அரிது. இத்தனை சுண்டு மாவுக்கு ஏறத்தாழ இவ்வளவு கொதிநீர் என்று முதலில் ஓர் எல்லை காட்டுதல் வேண்டும். அதனையும் ஒருமிக்க ஊற்றாது, சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பாற் கிளறுமாறு சொல்லுதல் வேண்டும். கொத்திய மா மணிமணியாக, ஒன்றோடொன்று ஒட்டாது நிற்பதே பதம் என்னும் அடையாளத்தை அதனோடு சேர்க்க வேண்டும். களியானாலும் உதிர்ந்தாலும் செய்யத்தக்கது யாதென ஒரு வரி எழுதினால், நீத்துப்பெட்டியை அடுப்பில் ஏற்றும் கை நடுங்காது.

இரண்டாவது சொதி. எளிய உணவு என்று பலரும் விளக்காது விடுவது இது. வெங்காயமும் பச்சைமிளகாயும் இரண்டாம் பாலில் வெந்தபின்னரே முதற்பாலை விடுதல் வேண்டும். விட்டபின் நெடுநேரம் கொதிக்க விடலாகாது. தேசிப்புளியை இறக்கியபின்னரே சேர்த்தல் வேண்டும். இவ்வளவும் பலர் கூறுவர். மிகுந்த கொதியும் புளிப்பும் பாலைத் திரையச் செய்யும் என்னும் காரணத்தையும் கூறினால், புதியவர் இம்மூன்று விதிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. ஒரு காரணத்திலிருந்து மூன்றையும் அவரே பெறுவார்.

மூன்றாவது ஒடியற் கூழ். பனங்கிழங்கை உலர்த்திப் பெறும் ஒடியலின் மா, நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், கீரை, செத்தல்மிளகாய், பழப்புளி ஆகிய யாவும் ஒரு பானையிற் கூடுவது அது. மரக்கறி மாத்திரம் இட்டுக் காய்ச்சுவாரும் உளர். பொருள்களின் பெருக்கமே புதியவரை அஞ்சச் செய்கின்றது. இங்கே காலமுறை ஒன்றை விளங்கிக்கொண்டாற் போதும். வேக நெடுநேரம் வேண்டுவன முதலிலும், விரைவில் வேகுவன பின்னரும் சேர வேண்டும். புளி, கொட்டையும் கிழங்கும் மென்மையாவதைத் தடுக்குமாதலால், அவை வெந்தபின்னரே அதனைக் கரைத்து விடுதல் நன்று. ஒடியல் மாவை முன்கூட்டியே நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை வடித்து, மீண்டும் நீர்விட்டு வடித்தல் அதன் கசப்பு நீங்குதற்பொருட்டு. அம்மா கூழைத் தடிக்கச் செய்வதாகலின் இறுதியிலேயே கரைத்து ஊற்றப்படுகின்றது. முன்னர் ஊற்றினால் அடியிற் பிடிக்கும். இவ்வாறு எழுதப்படும்போது, மலைக்கச் செய்த பானை நான்கைந்து எளிய படிகளாகப் பிரிந்து நிற்கின்றது. பனையோலைப் பிளாவில் வார்த்துச் சுற்றியிருந்து குடிக்கும் அக்கூழ், பிளா கிடையாத நாட்டிலே கிண்ணத்தில் வார்க்கப்படினும் கூழேயாகும்.

அளவையைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். படியும் ஆழாக்கும் பலமும் தமிழகத்து அடுக்களைகளில் வழக்கொழிந்தமையால், மீனாட்சி அம்மாளின் பழைய பதிப்புகளை எடுப்போர் முதலிற் கணக்குச் செய்ய வேண்டியவராயினர். கொத்தும் சுண்டும் இலங்கையிலே வழங்கினும், நான்கு சுண்டு கொண்டது ஒரு கொத்து என்பதைப் பிறநாட்டில் வளரும் பிள்ளை அறியாது. ஆதலால், தீவகத்துச் சமையலை எழுதுவோர் ஊர்ச்சொல்லையும் கிராம் அளவையும் அருகருகே வைத்தல் வேண்டும். ஊர்ச்சொல்லை விட்டுவிட்டாற் பாட்டியோடு பேசும் மொழி போய்விடும். கிராமை விட்டுவிட்டாற் பேர்த்தியின் அடுப்பு எரியாது.

முடிவு

மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று அறிஞர் சிலர் கொள்வர். அங்கே கோமுகிப் பொய்கையினின்று மணிமேகலையின் கைக்கு வந்தது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அப்பெயரை இன்றும் நயினை நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் தாங்கி நிற்கின்றது. ஆயினும், அம்மண்டபத்திலே கிடாரத்தில் வேகும் சோறு ஒருவர் அளந்திட்ட அரிசியும், ஒருவர் அறிந்து எரித்த நெருப்பும் கூடியே அமைகின்றது. அவ்வறிவு அடுத்தவர்க்குக் கைமாறாவிடின் எந்தப் பாத்திரமும் ஒருநாள் வெறுமையாகும்.

மீனாட்சி அம்மாள் தம் கையறிவை ஏட்டில் ஏற்றி, கண்ணாற் காணாத பல்லாயிரம் பேருக்குக் கைமாற்றினார். அவர் நூலிலே மஞ்சளும் எண்ணெயும் படிந்த பக்கங்கள் சிலநாளில் விரிக்கப்படாமல் அலுமாரியிற் கிடக்கலாயின. அந்த ரசத்தை வைப்பவர்க்கு இனி ஏடு வேண்டியதில்லை. கற்பித்த நூலுக்கு இதனினும் பெரிய வெற்றி இல்லை. குறுந்தொகைச் செவிலி எட்ட நின்று மகிழ்ந்தாள் அன்றோ? தீவகத்துக் கூழுக்கும் பிட்டுக்கும் அவ்வாறு ஒரு செவிலி வேண்டும். கையறிவு படைத்த மூதாட்டியர் இன்னும் ஊர்களில் இருக்கின்றனர். எழுதவும் அளக்கவும் அறிந்த இளைஞர் கல்லூரிகளில் இருக்கின்றனர். இருசாராரும் ஒரே அடுப்படியில், தராசும் ஏடும் கையுமாகக் கூடியிருத்தல் ஒன்றே இனி வேண்டப்படுவது.